எந்தச் சட்டம் யாரைக் கட்டும்? கத்தோலிக்க அறநெறியில் சட்டத்தின் வகைகள்

திருகோணமலையின் பங்கு அலுவலகங்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் சில உண்டு. மாமன் மகளைக் கட்ட ஊரும் உறவும் சம்மதம், பதிவாளரும் தடுக்கவில்லை. கோயில் மட்டும் ஏன் ஆயரின் கடிதம் கேட்கிறது? மாவட்ட நீதிமன்றம் விவாகரத்துத் தீர்ப்புக் கொடுத்த பிறகும் ஏன் மறுமணம் செய்துவைக்க மறுக்கிறார்கள்? தவக்கால வெள்ளியில் இறைச்சி உண்பது குற்றம் என்றால், அது பக்கத்து வீட்டுச் சைவக் குடும்பத்துக்கும் குற்றமா? விவிலியத்தின் லேவியர் நூல் நண்டையும் இறாலையும் விலக்குகிறதே, நாம் ஏன் உண்கிறோம்?

இவற்றுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "சட்டம் அப்படி." எந்தச் சட்டம் என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. குழப்பம் முழுவதும் அங்கேதான் பிறக்கிறது. கத்தோலிக்க மெய்யியல் சட்டத்தைப் பல அடுக்குகளாகப் பார்க்கிறது. ஒரு விதி எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று தெரிந்தால், அது யாரைக் கட்டும், யாரால் மாற்ற முடியும், யாரால் விலக்களிக்க (குறித்த ஒருவரை அந்த விதியிலிருந்து விடுவிக்க) முடியும் என்பவையும் தெரிந்துவிடும்.

சட்டம் எனப்படுவது எது?

இந்தத் துறையின் அடிப்படை நூல் புனித தோமா அக்குவினாஸ் (1225–1274) எழுதிய இறையியல் தொகுப்பு. அதன் இரண்டாம் பாகத்தின் முதற் பகுதியில் 90 முதல் 108 வரையான வினாக்கள் சட்டத்தைப் பற்றியவை. 90ஆம் வினாவின் முடிவில் அவர் தரும் வரையறையின் சாரம்: பொது நன்மைக்காக, சமூகத்தின் பொறுப்பை ஏற்றவர் இயற்றி, பகிரங்கப்படுத்திய அறிவின் ஒழுங்கே சட்டம். இதில் நான்கு உறுப்புகள் உள்ளன. ஒன்று குறைந்தாலும் சட்டம் பழுதுபடும்.

1. அறிவின் ஒழுங்கு. ஆள்பவரின் விருப்பம் மட்டும் சட்டமாகாது. "நான் சொல்கிறேன், செய்" என்பது கட்டளை. நோக்கத்துக்கும் வழிக்கும் பொருத்தம் இருந்தால்தான் அது சட்டம்.

2. பொது நன்மை. ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டும் பயன்பட இயற்றப்பட்டது சட்டத்தின் வடிவில் வரும் தனிநலம்.

3. அதிகாரம் உள்ளவர். தந்தை வீட்டில் விதி வைக்கலாம், ஊருக்கு வைக்க முடியாது. பங்குத்தந்தை தன் பங்கின் ஒழுங்குகளைத் தீர்மானிக்கலாம், புதிய திருமணத் தடை ஒன்றை உண்டாக்க முடியாது.

4. பகிரங்கப்படுத்தல். தெரியாத சட்டத்துக்கு யாரும் கீழ்ப்படிய முடியாது. நாட்டில் இதற்கு வர்த்தமானி உண்டு. திருச்சபையிலும் இதே ஒழுங்குதான்: பொதுச் சட்டங்கள் திருப்பீடத்தின் அதிகாரபூர்வ இதழில் வெளியாகி, வேறு விதமாகக் குறிப்பிடப்படாவிட்டால் மூன்று மாதங்களின் பின் நடைமுறைக்கு வரும் (திருச்சபைச் சட்ட இலக்கம் 8). மறைமாவட்டம் போன்ற தனி இடங்களுக்கான சட்டங்களுக்கு ஒரு மாதம்.

நான்காவது உறுப்பு எவ்வளவு முக்கியம் என்பதை இலங்கையின் வரலாறே காட்டுகிறது. 1962 சனவரியில் நடந்த இராணுவச் சதி முயற்சிக்குப் பிறகு, அந்த ஆண்டின் 1ஆம் இலக்கக் குற்றவியல் விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அது பின்னோக்கிச் செல்லும் வகையில், சதி நடந்த நாளுக்கும் முந்திய திகதியிலிருந்து செயற்படும் என எழுதப்பட்டிருந்தது. குறிப்பிட்ட சிலரைத் தண்டிப்பதற்காகவே அது தைக்கப்பட்டது என்பது வெளிப்படை. 1965இல், அப்போது இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில், தண்டிக்கப்பட்டவர்கள் தொடுத்த லியனகே வழக்கில் தண்டனைகளை இரத்துச் செய்தது. பாராளுமன்றம் நீதித்துறையின் வேலையைத் தன் கையில் எடுத்தது என்பதே அங்கு சொல்லப்பட்ட சட்டக் காரணம். தோமாவின் வரையறையை வைத்துப் பார்த்தாலும் அந்தச் சட்டம் பொது நன்மை, பகிரங்கப்படுத்தல் என்ற இரண்டு இடங்களில் இடறும். செய்தபோது இல்லாத சட்டத்தை எவரும் மீறியிருக்க முடியாது.

அடுக்குகள்

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் அறநெறிச் சட்டத்தின் வடிவங்களை 1952ஆம் பத்தியில் வரிசைப்படுத்துகிறது: எல்லாச் சட்டங்களுக்கும் ஊற்றான நித்திய சட்டம், இயற்கைச் சட்டம், பழைய சட்டமும் புதிய சட்டமும் அடங்கிய வெளிப்படுத்தப்பட்ட சட்டம், இறுதியாகக் குடியியல் சட்டங்களும் திருச்சபைச் சட்டங்களும்.

நித்திய சட்டம் என்பது படைப்பு முழுவதையும் அதன் நோக்கத்துக்கு நடத்திச் செல்லும் கடவுளின் ஞானம். அதை மனிதர் நேராக வாசிக்க முடியாது. அதன் விளைவுகளிலிருந்தே அறிகிறார்கள். ஆகவே நடைமுறை விவாதத்தில் யாராவது "இது நித்திய சட்டம்" என்று வாதிட்டால், அது எந்த வழியாகத் தெரிய வந்தது என்று கேட்க வேண்டும். அறிவின் வழியாகவா, வெளிப்பாட்டின் வழியாகவா? அடுத்த இரண்டு அடுக்குகளும் அந்த இரு வழிகள்.

இயற்கைச் சட்டம்

அறிவுள்ள உயிர் நித்திய சட்டத்தில் பங்குபெறும் விதமே இயற்கைச் சட்டம். திருச்சட்டம் பெறாத பிற இனத்தாரின் உள்ளத்திலும் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது என்று புனித பவுல் உரோமையருக்கு எழுதியது (2:14–15) இதன் விவிலிய அடிப்படை. அதனால் இது கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதல்ல. சைவர், முஸ்லிம், பௌத்தர், எம்மதமும் சாராதவர் அனைவரையும் கட்டும்.

இங்கே ஒரு தவறான விளக்கத்தை முதலில் அகற்ற வேண்டும். இயற்கையில் நடப்பதெல்லாம் இயற்கைச் சட்டம் அல்ல. பெரிய மீன் சின்ன மீனை விழுங்குகிறது என்பது கடலில் காணும் உண்மை. அதிலிருந்து மனிதருக்கு எந்தக் கடமையும் பிறக்காது. இங்கு பேசப்படுவது மனித இயல்பு, அதிலும் அறிவு தனக்கு எது நன்மை என்று கண்டுகொள்ளும் முறை.

முதல் விதி: நன்மையைச் செய், நாடு; தீமையைத் தவிர். 94ஆம் வினாவில் தோமா இதற்கு மேல் மனிதரின் இயல்பான நாட்டங்களை மூன்று படிகளாக அடுக்குகிறார். உயிரைக் காத்தல் எல்லாவற்றுக்கும் பொது. இணைந்து பிள்ளை பெற்று வளர்த்தல் விலங்குகளுடன் பகிர்வது. உண்மையை, குறிப்பாகக் கடவுளைப் பற்றிய உண்மையை அறிதலும் சமூகமாக வாழ்தலும் மனிதருக்கே உரியவை. கொலை, பொய், பிள்ளையைக் கைவிடல் போன்றவை ஏன் தவறு என்பது இந்த நாட்டங்களிலிருந்து அறிவால் தேறும்.

தேறும் விதத்தில் ஒரு நுட்பம் உண்டு. முதல் விதி எல்லோருக்கும் தெரியும், மாறாது. அதிலிருந்து தொலைவுக்குப் போகப் போக, முடிவுகள் பெரும்பாலும் பொருந்தும், சிலவேளை பொருந்தாது. நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது சரியான முடிவு. ஆனால் தன் நாட்டையே தாக்குவதற்காக ஒருவர் அதைக் கேட்டால் கொடுப்பது தவறு. இது தோமா தாமே தரும் எடுத்துக்காட்டு. அறிவு மழுங்குவதும் உண்டு: களவு தவறு என்பது பழைய யேர்மானியருக்குத் தெரியாதிருந்தது என்று யூலியஸ் சீசர் எழுதியதை அவர் அதே வினாவில் மேற்கோள் காட்டுகிறார். தீய பழக்கமும் ஊர் வழக்கமும் இயற்கைச் சட்டத்தின் இரண்டாம் நிலை முடிவுகளைக் கண்ணுக்கு மறைத்துவிடலாம். சீதனத்தை முறையான ஒன்றாக நினைத்து வாழும் எங்கள் சமூகத்துக்கு இந்த வரி பொருந்தாது என்று சொல்லிவிட முடியாது.

இறைச் சட்டம்: நண்டுக் கறிக் கேள்வி

கடவுள் வெளிப்படுத்திய இறைச் சட்டம் எதற்கு, இயற்கைச் சட்டம் போதாதா என்ற கேள்விக்குத் தோமா நான்கு காரணங்கள் சொல்கிறார். மனிதரின் இறுதி இலக்கு இயல்புக்கு மேற்பட்டது. மனிதத் தீர்ப்பு தடுமாறக் கூடியது. மனிதச் சட்டத்தால் உள்மன எண்ணங்களைத் தீர்க்க முடியாது. மனிதச் சட்டம் எல்லாத் தீமையையும் தண்டிக்கப் போனால் பல நன்மைகளும் சேர்ந்து அழியும்.

பழைய சட்டத்தின், அதாவது பழைய ஏற்பாட்டின், கட்டளைகள் மூன்று வகை. அறநெறிக் கட்டளைகள் (பத்துக் கட்டளைகள் இதில் அடங்கும்), வழிபாட்டுச் சடங்குக் கட்டளைகள், இஸ்ராயேல் சமூகத்தை நடத்துவதற்கான நீதிக் கட்டளைகள். கிறிஸ்துவுக்குப் பின் பின்னிரண்டும் கட்டாது. அறநெறிக் கட்டளைகள் இயற்கைச் சட்டத்தின் உள்ளடக்கமாக இருப்பதால் தொடர்ந்து கட்டும்.

செதிலும் துடுப்பும் இல்லாத நீர்வாழ்வனவற்றை விலக்கும் லேவியர் 11 சடங்கு வகையைச் சேர்ந்தது. திருமலைக் கடலின் நண்டு, இறால், கணவாய் எல்லாம் அந்த விலக்கில் அடங்கும். கிறிஸ்தவரை அது கட்டாது. ஓய்வுநாள் கட்டளையில் இரண்டும் கலந்திருக்கின்றன. கடவுளுக்கு நேரம் ஒதுக்கி வழிபட வேண்டும் என்பது அறநெறி. அது சனிக்கிழமையாக இருக்க வேண்டும் என்பது சடங்கு. "லேவியரில் இருக்கிறதே" என்று ஒரு வசனத்தைத் தூக்கிக் காட்டுபவரும், "அது பழைய ஏற்பாடு" என்று எல்லாவற்றையும் தள்ளிவிடுபவரும் செய்யும் பிழை ஒன்றே: வகை பிரிக்காமை.

இயற்கைச் சட்டத்திலிருந்து நாட்டுச் சட்டத்துக்கு

மனிதச் சட்டம் இயற்கைச் சட்டத்திலிருந்து இரண்டு வழியில் பிறக்கிறது (95ஆம் வினா). முதலாவது, முடிவாக வருவது. யாருக்கும் தீங்கு செய்யாதே என்பதிலிருந்து கொலை செய்யாதே என்பது தானாகப் பெறப்படும். இரண்டாவது, வரையறுத்தல். குற்றம் தண்டிக்கப்பட வேண்டும் என்று அறிவு சொல்கிறது. எத்தனை ஆண்டு என்று சொல்வதில்லை. அதைச் சட்டமியற்றுபவர் தீர்மானிக்கிறார்.

கடற்றொழில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிறருக்கும் பின்வருவோருக்கும் உரிய கடல் வளத்தை அழிக்காதே என்பது அறிவின் முடிவு. வெடி போட்டு மீன் பிடிப்பதையும் நஞ்சு கலப்பதையும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் மற்றும் நீர்வாழ் உயிரின வளச் சட்டம் தடுப்பது ஏறத்தாழ அந்த முடிவேதான். சட்டம் இல்லாவிட்டாலும் பவளப் பாறையோடு குஞ்சுமீனையும் வெடித்துச் சிதறடிப்பது தவறு. ஆனால் சுருக்குவலையின் கண் எத்தனை அங்குலம், கரையிலிருந்து எத்தனை கடல் மைலுக்கு அப்பால், எந்த உரிமத்தோடு என்பதெல்லாம் வரையறுத்தல். வேறு எண்ணையும் வைத்திருக்கலாம்.

இந்த வேறுபாட்டின் விளைவு நடைமுறையில் பெரிது. வரையறுத்தலால் வந்த விதி தன் வலுவை முழுவதும் மனிதச் சட்டத்திலிருந்தே பெறுகிறது. சட்டம் மாறினால் கடமையும் மாறும். முடிவாக வந்த விதி அப்படி அல்ல. அரசு வெடியை அனுமதித்தாலும் தவறு தவறுதான். "எண்ணை மாற்றலாம் என்றால் அதை மீறினால் என்ன?" என்று கேட்பவர் ஒன்றை மறக்கிறார். எல்லோரும் ஒரே எண்ணுக்குக் கட்டுப்பட்டால்தான் சிறு தொழிலாளிக்கும் கடலில் பங்கு கிடைக்கும். நியாயமான வரையறுத்தலும் மனச்சாட்சியைக் கட்டும்.

மறுபுறம், நாட்டுச் சட்டம் எல்லாத் தீமையையும் தடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவர்களால் தவிர்க்கக் கூடிய, பிறருக்குத் தீங்கான பெரிய குற்றங்களையே அது தடுக்கும் என்று 96ஆம் வினா சொல்கிறது. இலங்கையில் பிறன்மனை சேர்தல் விவாகரத்துக்கு ஒரு காரணம். தண்டனைச் சட்டக் கோவையின்படி குற்றமல்ல. ஆகவே "பொலிஸ் பிடிக்காது, அதனால் தவறில்லை" என்ற வாதமும், "பாவம் என்றால் அரசு தடை செய்தே ஆக வேண்டும்" என்ற வாதமும் ஒரே குழியில் விழுகின்றன.

திருச்சபைச் சட்டம்: திருமணத்தில் சிக்கும் இடங்கள்

திருச்சபைச் சட்டமும் மனிதச் சட்டமே. இப்போது நடைமுறையில் உள்ள இலத்தீன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1983 சனவரி 25 அன்று பகிரங்கப்படுத்தப்பட்டு, அதே ஆண்டு நவம்பர் 27 முதல் நடைமுறைக்கு வந்தது. 1752 இலக்கங்கள் கொண்டது. ஆனால் அதற்குள் இறைச் சட்டமும் இயற்கைச் சட்டமும் மீண்டும் எழுதப்பட்ட இடங்கள் உண்டு. ஒரே புத்தகத்தில் இருப்பதால் எல்லாமே ஒரே வகை என்று எண்ணுவதுதான் சிக்கலின் வேர்.

வெறும் திருச்சபைச் சட்டம் யாரைக் கட்டும் என்பதை 11ஆம் இலக்கம் சொல்கிறது: கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றவர் அல்லது அதில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர், போதிய அறிவுத் தெளிவு உள்ளவர், வேறு விதமாகக் குறிப்பிடப்படாவிட்டால் ஏழு வயது நிறைந்தவர். வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்கு பக்கத்து வீட்டுச் சைவக் குடும்பத்தைக் கட்டாது என்பதற்கான விடை இதுவே. கத்தோலிக்கருக்கும் இறைச்சி விலக்கு 14 வயது நிறைந்த பின்னர்தான். நோன்பு 18 வயது நிறைந்ததிலிருந்து 60ஆவது வயது தொடங்கும் வரை, அதாவது 59ஆவது பிறந்தநாள் வரை.

இனி இரத்த உறவுத் தடை. கணக்கிடும் முறை இது: இருவரின் பொது மூதாதையரை விட்டுவிட்டு, இரு கிளைகளிலும் உள்ள ஆட்களை எண்ண வேண்டும். அண்ணன் தங்கை 2ஆம் படி. தாய்மாமனும் அக்காள் மகளும் 3ஆம் படி. மச்சான் மச்சாள், அதாவது அவர், அவருடைய தாய், தாயின் சகோதரர், அந்தச் சகோதரரின் மகள் என்று எண்ணினால், 4ஆம் படி. பக்கக் கிளையில் 4ஆம் படி வரை திருமணம் செல்லாது (இலக்கம் 1091).

1. மச்சான் மச்சாள். ஊர் வழக்கு இதை உரிமை என்கிறது. நாட்டின் பொதுத் திருமணச் சட்டம் தடுக்கவில்லை. திருச்சபை தடுக்கிறது, ஆனால் இது மனிதர் வைத்த தடை என்பதால் ஆயர் விலக்களிக்கலாம்.

2. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளும் பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகளும். ஊர் வழக்கில் இவர்கள் சகோதரர்கள், நினைத்தும் பார்க்க மாட்டார்கள். திருச்சபையின் கணக்கில் இதுவும் அதே 4ஆம் படிதான். முறைப் பெண், முறை மாப்பிள்ளை என்ற நம் வேறுபாட்டைத் திருச்சபைச் சட்டம் அறியாது.

3. தாய்மாமன், அக்காள் மகள். தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இது வழக்கம். இலங்கையின் திருமணப் பதிவுச் சட்டத்தில் செல்லாது. நாட்டுச் சட்டம் ஏற்காத திருமணத்தை ஆயரின் அனுமதி இன்றி நடத்தக் கூடாது என்று 1071ஆம் இலக்கமும் சொல்கிறது.

4. நேர்வழி உறவும் அண்ணன் தங்கையும். யாரும் எக்காலத்திலும் விலக்களிப்பதில்லை (1078).

5. வயது. திருச்சபைத் தொகுப்பில் ஆணுக்கு 16, பெண்ணுக்கு 14. இலங்கைச் சட்டத்தில் 1995இலிருந்து 18. கோயில் சட்டம் 14 என்கிறதே என்று வாதிடுபவருக்குப் பதில் மேலே சொன்ன அதே 1071தான்.

விலக்களிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பிழைபோகும் இடங்கள் இரண்டு. ஒன்று, காரணம் எழுதாமல் விடுவது. நியாயமான காரணம் இல்லாமல் ஆயர் கொடுக்கும் விலக்களிப்பு செல்லாது (இலக்கம் 90). "குடும்பத்தார் விரும்புகிறார்கள்" என்பது வெறும் வரி, காரணம் ஆகாது. மற்றது, நாள் குறித்து, மண்டபம் பிடித்து, அழைப்பிதழும் அடித்த பிறகு உறவைச் சொல்வது. எல்லாம் ஆயத்தமான நிலையில் தடை தெரியவந்தால் 1080ஆம் இலக்கம் ஓரளவு வழி விடுகிறது. ஆனால் அது அவசரத்துக்கான ஏற்பாடு, திட்டமிட்டுப் பயன்படுத்துவதற்கு அல்ல. உறவை மறைத்து பீடத்தின் முன் நடந்த திருமணம், எவ்வளவு விமரிசையாக நடந்திருந்தாலும், செல்லாது. பின்னர் விலக்களிப்புப் பெற்று இருவரும் சம்மதத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

எந்த ஆயரிடம் கேட்பது? 1893இல் உருவான திருகோணமலை மறைமாவட்டம் 1967இல் திருகோணமலை–மட்டக்களப்பு எனப் பெயர் பெற்றது. 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது. பெற்றோரின் பழைய சான்றிதழில் இரட்டைப் பெயர் இருக்கலாம். அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. இப்போது வசிக்கும் பங்கு எந்த மறைமாவட்டத்தில் இருக்கிறதோ அங்குள்ள பங்குத்தந்தை வழியாகவே விண்ணப்பம் போகும்.

கத்தோலிக்கரும் சைவரும் மணக்கும்போது

இந்த ஊரில் இது சாதாரணம். சைவர் மதம் மாறினால்தான் கோயிலில் நடக்கும் என்ற பேச்சு தவறு. திருமுழுக்குப் பெறாதவரை மணப்பதற்குத் தடை உண்டு (1086), அதற்கு ஆயர் விலக்களிக்கலாம். நிபந்தனைகள் 1125இல்: கத்தோலிக்கர் தம் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாகவும் வாக்களிக்க வேண்டும். மற்றவருக்கு அந்த வாக்கு தெரிவிக்கப்பட வேண்டும். அவர் எதையும் வாக்களிக்கத் தேவையில்லை. திருமணத்தின் நோக்கமும் இயல்பும் இருவருக்கும் விளக்கப்பட வேண்டும்.

அதைவிடப் பலரை வியக்க வைப்பது வேறொன்று. கத்தோலிக்கர் ஒருவர் விலக்களிப்பின்றிப் பதிவுத் திருமணம் மட்டும் செய்தால், திருச்சபையின் பார்வையில் அது செல்லாது. குருவானவர் அல்லது அதிகாரம் பெற்றவர் முன்னும் இரு சாட்சிகள் முன்னும் நடக்க வேண்டும் என்பது கத்தோலிக்கரைக் கட்டும் வடிவ விதி (1108). ஆனால் இரு சைவர் தம் முறைப்படி செய்த திருமணம் செல்லும் என்றே திருச்சபை கொள்ளும். வடிவ விதி அவர்களைக் கட்டாது, திருமணம் என்ற பிணைப்போ இயற்கைச் சட்டத்தைச் சார்ந்தது. எனவே விவாகரத்துப் பெற்ற சைவப் பெண்ணைக் கத்தோலிக்கர் மணக்க விரும்பினால், "அது சைவக் கோயில் கல்யாணம்தானே, நமக்குக் கணக்கில்லை" என்று சொல்ல முடியாது. முந்திய பிணைப்பு ஒரு தடை (1085), அதற்கு ஆயர் விலக்களிக்க முடியாது. அப்படியான நிலைகளுக்குத் தனி வழிமுறைகள் உண்டு. பங்கு அலுவலகத்தில் ஒரு நாளில் முடியும் வேலை அல்ல.

எழுத்தும் நோக்கமும்

விலக்களிப்பு என்பது அதிகாரி கொடுப்பது. சட்டத்தின் எழுத்து அதன் நோக்கத்துக்கே எதிராகத் திரும்பும் வேளையில், அதிகாரியிடம் போக அவகாசமில்லாதபோது, நோக்கத்தைப் பின்பற்றுவது வேறு. தோமா சொல்லும் உதாரணம்: முற்றுகையில் கோட்டை வாசலை மூடி வைக்க வேண்டும் என்று சட்டம். எதிரி துரத்த, ஊரைக் காக்கும் வீரர்களே வாசலுக்கு ஓடி வந்தால், திறக்க வேண்டும். ஐயம் இருந்தால், நேரமும் இருந்தால், எழுத்தைப் பின்பற்றுவது அல்லது கேட்பது. இதை "எனக்கு வசதிப்படவில்லை" என்பதற்குப் பயன்படுத்துவோர் தோமா எழுதியதை முழுவதும் வாசிக்கவில்லை.

திருச்சபைச் சட்டமே சில இடங்களில் இந்த ஞானத்தை எழுதி வைத்திருக்கிறது. பெரும் சிரமமின்றிக் குருவை அணுக முடியாது, அந்த நிலை ஒரு மாதம் நீடிக்கும் என்று விவேகத்துடன் ஊகிக்க முடிந்தால், சாட்சிகள் முன் மட்டும் திருமணம் செய்யலாம் (1116). போர்க்காலத்தில் பாதை மூடப்பட்ட ஒரு கிராமத்தை எண்ணிப் பார்த்தால் இந்த விதி எதற்கென்று விளங்கும்.

நீதியற்ற சட்டம்

நீதியற்றது சட்டமாகத் தோன்றவில்லை என்ற புனித அகுஸ்தீனின் கூற்றைத் தோமா எடுத்தாள்கிறார். அதை "பிடிக்காத சட்டத்துக்குக் கீழ்ப்படிய வேண்டாம்" என்று சுருக்கினால் பொருள் கெடும். மனித நன்மைக்கு எதிரான சட்டம் மூன்று விதத்தில் நீதி இழக்கும்: ஆள்பவரின் ஆசைக்காக இயற்றப்பட்டால், அதிகாரத்தை மீறி இயற்றப்பட்டால், பொது நன்மைக்கே என்றாலும் சுமையைச் சமமின்றிப் பகிர்ந்தால். இப்படிப்பட்டது மனச்சாட்சியைக் கட்டாது. ஆனாலும் பெரிய குழப்பத்தைத் தவிர்க்க ஒருவர் தம் உரிமையை விட்டுக்கொடுக்கலாம். கடவுளுக்கு எதிரானதைச் செய்யச் சொல்லும் சட்டத்துக்கோ எந்நிலையிலும் கீழ்ப்படியக் கூடாது.

கொவிட் காலத்துக் கட்டாயத் தகனத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். 2020 ஏப்ரலில் வர்த்தமானி மூலம் தகனம் கட்டாயமானது. 2021 பெப்ரவரியில் அடக்கம் அனுமதிக்கப்பட்டு, உடல்கள் ஓட்டமாவடியில் புதைக்கப்பட்டன. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. நோக்கம் பொதுச் சுகாதாரம், அதிகாரமும் இருந்தது. ஆனால் அடக்கமும் பாதுகாப்பானது என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்த நிலையில், கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள முஸ்லிம் குடும்பங்கள் மீது தேவையற்ற பெருஞ்சுமை விழுந்தது. தகனத்தை 1963இலிருந்து அனுமதிக்கும், ஆனால் அடக்கத்தையே பரிந்துரைக்கும் கத்தோலிக்கருக்கு அது இழப்பு. முஸ்லிம்களுக்கு மனச்சாட்சியையே மிதித்தது. தோமாவின் மூன்றாவது அளவுகோலில் அது விழுகிறது. மத சுதந்திரத்தைப் பற்றிய 1965ஆம் ஆண்டின் இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடும் மற்ற மதத்தாரின் இந்த உரிமையைத்தான் காக்கிறது.

விவாகரத்தும் செல்லாமைத் தீர்ப்பும்

இலங்கையில் மாவட்ட நீதிமன்றம் பிறன்மனை சேர்தல், வஞ்சகமாகக் கைவிடல், திருமண வேளையில் இருந்த தீராத ஆண்மையின்மை என்ற காரணங்களுக்காகத் திருமணத்தைக் கலைக்கிறது. அது சொத்து, பிள்ளைகளின் பராமரிப்பு, சட்ட நிலை ஆகியவற்றைத் தீர்க்கும் மனிதச் சட்டம். திருமுழுக்குப் பெற்ற இருவர் முறையாகச் செய்து உடலுறவால் நிறைவுற்ற திருமணத்தை எந்த மனித அதிகாரமும் கலைக்க முடியாது என்று 1141ஆம் இலக்கம் சொல்கிறது. இதில் ஆயரும் திருத்தந்தையும் அடங்குவர்.

திருச்சபை நீதிமன்றம் செய்வது வேறு வேலை: தொடக்கத்திலேயே திருமணம் உண்டானதா என்று ஆராய்வது. வற்புறுத்தல், பிள்ளை வேண்டாம் என்ற முன்தீர்மானம், சம்மதிக்கும் மன ஆற்றல் இல்லாமை, வடிவக் குறை போன்றவை ஆதாரமாகலாம். விண்ணப்பம், எதிர்த் தரப்புக்கு அறிவித்தல், சாட்சியம், பிணைப்பின் காப்பாளர் என்ற அதிகாரியின் எதிர்வாதம், தீர்ப்பு என்பது ஒழுங்கு. 2015 டிசம்பர் 8 முதல், முன்பிருந்தது போல் இரண்டாம் நீதிமன்றமும் அதே தீர்ப்பைத் தர வேண்டியதில்லை. மேன்முறையீடு இல்லையென்றால் ஒரு தீர்ப்பே போதும். இருவரும் இணங்கி, ஆதாரம் வெளிப்படையாக இருந்தால் ஆயர் முன் குறுகிய வழக்கும் உண்டு.

இந்த வழியில் போகத் தயங்கும் தாய்மார் பலர் சொல்லும் காரணம், பிள்ளைகள் முறைகேடாகப் பிறந்தவர்களாகிவிடுவார்கள் என்பது. அது நடக்காது. நல்லெண்ணத்தோடு செய்த திருமணத்தில் பிறந்த பிள்ளைகள், பின்னர் அது செல்லாதது என்று தீர்க்கப்பட்டாலும், 1137ஆம் இலக்கத்தின்படி முறையான பிள்ளைகளே.